கண்ணாடியைத் தொடாதவள்

எங்கள் கம்பெனிக்குத் தரவரிசையைக் கொண்டுவந்த அதிகாரியின் பதவிப்பெயர் அவருடைய அறைக்கதவில் அடங்கவில்லை. ‘மனிதவளத் திறன் மேம்பாடு மற்றும் தரவரிசை ஒருங்கிணைப்பு முதன்மை அலுவலர்’ என்பதில் ‘ஒருங்கிணைப்பு’ வரைக்கும்தான் கதவில் வந்தது. மீதியைச் சுவரில் ஒட்டினார்கள். கதவைத் திறந்தால் அவர் வெறும் முதன்மை அலுவலர். மூடினால்தான் முழு ஆள். அதனாலோ என்னவோ கதவைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தார். எங்களில் ஒருவனான நெட்டை அவருக்கு முதல் நாளே ‘பர்சென்ட்’ என்று பெயர் வைத்துவிட்டான். அது கதவில் தாராளமாக அடங்கியிருக்கும்.

நாங்கள் கண்ணாடி தூக்குகிறவர்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முகப்பில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறதே, நன்றாகத் துடைத்து வைத்தால் போய் மூக்கை இடித்துக்கொள்கிறீர்களே, அந்தக் கண்ணாடியை வண்டியிலிருந்து இறக்கி, படியேற்றி, சட்டத்தில் நிறுத்துவது எங்கள் வேலை. மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம், பன்னிரண்டு மில்லி கனம் என்றால் நூற்றெண்பது கிலோ. அதன் மேல் ரப்பர் கப்புகளை அழுத்தி ஒட்டவைத்து, கப்பின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். கண்ணாடி நடுவில் மகாராஜா மாதிரி நிமிர்ந்து வரும்.

தூக்குகிறவர்கள் நான்கு பேர். நான், என் மனைவியின் தம்பியான மச்சான், நெட்டை, வாத்தியார். வாத்தியார் ஒரு காலத்தில் டியூஷன் எடுத்தவர். இப்போதும் ஓர் அறிவிப்புப் பலகையைப் பிழை திருத்தாமல் தாண்டிப் போக அவருக்கு மனசு வராது. ஐந்தாவது ஆள் அக்கா.

அக்கா கண்ணாடியைத் தொடுவதே இல்லை. தூக்குகிறவனுக்குத் தரை தெரியாது. கண் கண்ணாடியின் விளிம்பில் இருக்கும். எதிர்ப்பக்கத்து ஆளின் முகம் தொட்டி மீன் மாதிரி உள்ளே தெரியும். கால் எங்கே போகிறது என்பது கடவுளுக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். அவள் எங்களுக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்துகொண்டே குரல் கொடுப்பாள். “படி.” “இன்னொண்ணு.” “இடது.” “மெதுவா.” அவ்வளவுதான். அப்போது நாங்கள் நான்கு பேரும் வாய் திறக்கக் கூடாது. அவள் “விடு” என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நான்கு பேரும் ஒரே நொடியில் கைப்பிடியை விட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். சரியும் கண்ணாடியைப் பிடிக்கப் போனவர்களின் விரல்களைப் பற்றி அவளிடம் நிறையக் கதைகள் உண்டு. சாப்பிடும்போது சொல்ல மாட்டாள்.

இங்கே வருவதற்கு முன் ஒரு கிடங்கில், லாரிகளைப் பின்னோக்கி வரச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தாள். லாரிகளைவிட நாங்கள் கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்போம் என்பாள். வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவள். ஆனாலும் எனக்கும் அவள் அக்கா, நான் அவளுக்குத் தம்பி. ஒன்பது வருடமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அவள் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் கப்பைச் சோதிக்க வேண்டும். தன் கப்பை அல்ல, பக்கத்து ஆளுடையதை. நான் மச்சானுடையதை, மச்சான் நெட்டையுடையதை, நெட்டை வாத்தியாருடையதை, வாத்தியார் என்னுடையதை. தன்னிடம் குறை இருக்கிறது என்று எந்த ஆம்பிளையும் ஒத்துக்கொள்ள மாட்டான், அடுத்தவனிடம் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவான் என்பது அவளுடைய கணிப்பு. எங்கள் ஆண்மையைப் பற்றிய இந்தக் கணிப்பு துல்லியமாக இருந்ததால், ஒன்பது வருடத்தில் எங்கள் கையில் ஒரு முகப்புக் கண்ணாடிகூட உடையவில்லை.

பர்சென்ட் எங்களை உட்காரவைத்துத் திட்டத்தை விளக்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து பேரையும் ஒன்று முதல் ஐந்து வரை வரிசைப்படுத்துவார். முதலிடம் வந்தவரின் படம் டீ குடிக்கும் அறையில் மாட்டப்படும். தொடர்ந்து இரண்டு தடவை ஐந்தாவதாக வந்தவர் வீட்டுக்குப் போகலாம். ஐந்து பேருமே நன்றாக வேலை செய்தால் என்ன செய்வீர்கள் என்று வாத்தியார் கேட்டார். அப்படி ஒரு நிலைமையைப் படிவம் அனுமதிக்காது என்றார் பர்சென்ட்.

அளவுகோல் ஒன்றுதான், உருப்படி. யார் எத்தனை கண்ணாடி தூக்கினார்கள் என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு சீட்டு. சீட்டில் தூக்கியவர்கள் கையெழுத்துப் போட நான்கு கோடு. நூற்றெண்பது கிலோ முகப்பும் ஓர் உருப்படி, முகம் பார்த்துச் சவரம் செய்கிற குளியலறைக் கண்ணாடியும் ஓர் உருப்படி.

முதல் மூன்று மாத முடிவில் நான் முதலிடம் வந்தேன்.

எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோள் பிடித்துக்கொண்டிருந்தது. பெரிய கண்ணாடி வேண்டாம் என்று அக்காதான் என்னை ஒரு தங்கும் விடுதிக்குக் குளியலறைக் கண்ணாடி மாட்ட அனுப்பினாள். நூற்றிருபது அறைகள். அக்குளில் இரண்டிரண்டாக இடுக்கிக்கொண்டு லிஃப்டில் போய் வந்தேன். தோளைத் தூக்க முடியாத மாதத்தில்தான் நான் கம்பெனியின் தலைசிறந்த தூக்குகிறவன் ஆனேன்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் படம் மாட்டிய அன்று தலையைப் படிய வாரிக்கொண்டு போனேன். சர்க்கரை டப்பாவுக்கு நேர் மேலே என் முகம். சர்க்கரை போடுகிற யாரும் என்னைப் பார்க்காமல் தப்ப முடியாது. அன்று மூன்று டீ குடித்தேன். சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அஞ்சாவது யாரு?” என்றாள். அக்கா என்றேன். “அக்காவா?” என்றாள். அதற்குப் பிறகு என் படத்தைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

அக்காவின் உருப்படி பூஜ்யம். கை படாத கண்ணாடிக்கு எப்படி எண்ணிக்கை போடுவது? பர்சென்ட் கெட்ட மனிதர் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவளை அறைக்குக் கூப்பிட்டு, எங்கள் எதிரிலேயே, ஒரு வழி சொன்னார். நடக்கும்போது கண்ணாடியின் மூலையில் ஒரு கையை வைத்துக்கொள்ளட்டும், ஒரு விரலாவது வைக்கட்டும். தூக்கியவர்களில் ஒருத்தியாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம், படிவமும் திருப்தியடையும்.

“கை கண்ணாடியில இருந்தா கண்ணும் கண்ணாடிக்குத்தான் போகும் சார்” என்றாள் அக்கா. “எனக்குக் கண்ணு இவங்க காலுல இருக்கணும்.”

“சும்மா பேருக்குத்தாம்மா.”

“பேருக்குத் தொட்டேன்னா, பேருக்குத்தான் பாத்துக்குவேன்.”

பர்சென்ட் அவளுடைய கோப்பில் ‘மாற்றத்துக்கு ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று எழுதிக்கொண்டார். அவ்வளவு பெரிய பதிலை அவ்வளவு சின்னதாக ஆக்கத் தனித் திறமை வேண்டும்.

இன்னொரு ஐந்தாவது இடம் வந்தால் அக்காவுக்கு வேலை இல்லை. அவள் வீட்டில் சம்பளம் என்று வருவது அவள் ஒருத்தியுடையதுதான். கணவருக்குக் கண்பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. மகள் நர்ஸ் படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் அவள் வேறு எங்கே போவாள்? தூக்குகிறவன் வேண்டும் என்று விளம்பரம் வரும், டிரைவர் வேண்டும் என்று வரும். படியில் பின்பக்கமாக நடந்துகொண்டு நான்கு பேருக்குக் கண்ணாக இருக்க ஆள் தேவை என்று எந்தப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருக்கிறது? அவளுடைய வேலைக்கு வெளியே பெயரே கிடையாது.

இரண்டாவது மூன்று மாதத்தில் எங்கள் எல்லோருக்கும் தோள்வலி வந்தது.

நெட்டை, பிறந்ததிலிருந்து ஒரு தலைவலி மாத்திரைகூடப் போடாதவன், தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடி கேட்டு வரிசையில் நின்றான். வாத்தியார் அலமாரிக் கண்ணாடிகளின் மேல் திடீர்ப் பாசம் கொண்டார். முகப்புக் கண்ணாடிக்கு ஆள் கூப்பிட்டால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கழிப்பறைக்குப் போனோம். மச்சான் காலையில் அரை மணி முன்னதாக வந்து சின்னக் கண்ணாடிகளைத் தன் பெயர் எழுதிய மூலையில் அடுக்கிக்கொண்டான் என்று தெரிந்ததும், நான் ஒரு மணி முன்னதாக வந்து அதே கண்ணாடிகளை என் மூலைக்கு மாற்றினேன். பெண் எடுத்தவனும் கொடுத்தவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தோம். சர்க்கரை டப்பாவுக்கு மேலே என் படம் மட்டும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கருவிகளுக்கு அவரவரே பொறுப்பு என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அக்கா மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் “பக்கத்துக் கப்பைப் பாத்தாச்சா?” என்று கேட்பாள். நாங்கள் மழைக்கு வானத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு “பாத்தாச்சு” என்போம்.

ஒரு பல் மருத்துவமனைக்கு முகப்புக் கண்ணாடி. ஏழு படி. காலாண்டு முடியப் பத்து நாள் இருந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது, வழக்கமாகப் பார்க்காதவன் அன்றைக்குப் பார்த்துத் தொலைத்தேன். மச்சானுடைய கப்பின் ரப்பர் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. மாற்றுக் கப் கம்பெனியில் இருந்தது. போய் எடுத்து வர அரை மணி நேரம். இதை முடித்துவிட்டு நான் ஒரு பங்களாவில் எட்டுக் குளியலறைக் கண்ணாடிகளை மாட்டப் போக வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் மத்தியானம் வெளியூர் கிளம்புகிறார்கள். மச்சான் என்னைவிட மூன்று உருப்படிதான் பின்னால் இருந்தான்.

“பாத்தாச்சா?” என்றாள் அக்கா.

“பாத்தாச்சு” என்றேன். உண்மைதான். பார்த்திருந்தேன்.

ஐந்தாவது படியில் கப் சீறியது. நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. தெருவில் அவ்வளவு சத்தம். அக்கா கேட்டாள். “விடு” என்றாள். ஒன்பது வருடத்தில் அவள் அந்தச் சொல்லை நிஜமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான்கு பேரும் குதித்தோம். கண்ணாடி படி விளிம்பில் மோதிக் கல்லுப்பு மாதிரி ஏழு படியிலும் கொட்டியது. அக்கா எங்கள் கைகளை நீட்டச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள். “நாப்பது” என்று சொல்லிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பர்சென்ட் அன்று மாலையே அறிக்கை தயாரித்தார். உடைவு: ஒன்று. காரணம்: ‘விடு’ என்ற உத்தரவு. உத்தரவிட்டவர்: அக்கா. உடைவுக்குத் தண்டமாக அவளுடைய பூஜ்யத்திலிருந்து நூற்றைம்பது உருப்படியைக் கழித்தார். ஐந்தாவது இடத்துக்குக் கீழே ஓர் இடம் இருந்தால் அதையும் அவளுக்கே கொடுத்திருப்பார்.

அன்று மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தான். தட்டில் கையை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். தன் கப்தான் போய்விட்டது, தன்னால்தான் அக்காவுக்கு வேலை போகப்போகிறது, நாளைக்கு முதலாளியிடம் போய்ப் பழியைத் தானே ஏற்றுக்கொள்ளப்போவதாகச் சொன்னான். காலையில் கப்பை நன்றாகப் பார்த்ததாகவும், ஒன்றும் தெரியவில்லை என்றும் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. தன்னுடையதில் குறை யாருக்குத் தெரியும்?

என் மனைவி அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“அவன் கப்பை நீங்கதானே பாப்பீங்க?” என்றாள்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என்னிடம் சண்டை போட அவள் ஆயிரம் தடவை வாயைத் திறந்திருக்கிறாள். அவள் வாயை மூடிக்கொண்ட அந்தத் தடவைதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதலாளி அறையில் எங்கள் ஐந்து பேரையும் நிற்கவைத்து பர்சென்ட் அறிக்கையைப் படித்தார். முதலாளி அதிகம் பேச மாட்டார். அவருக்குப் பதிலாகப் பேனா பேசும். மூடியைக் கழற்றுவார், மாட்டுவார். அறிக்கை முடிந்ததும் மச்சான் ஓர் அடி முன்னால் வந்து, “என் கப்புதான் சார்” என்று ஆரம்பித்தான்.

“அவன் கப்பை அவன் பாக்க மாட்டான் சார்” என்றேன். “நான்தான் பாக்கணும். பாத்தேன். வெடிச்சிருந்துச்சு. சொல்லல.”

பேனா மூடி பாதியில் நின்றது. “ஏன்?” என்றார் முதலாளி.

“மாத்தினா அரை மணி நேரம் போயிருக்கும். எனக்கு எட்டுக் கண்ணாடி கைவிட்டுப் போயிருக்கும். இவன் என்னைவிட மூணுதான் பின்னாடி.”

அதைச் சொல்லி முடித்தபோதுதான் எவ்வளவு சின்ன விஷயத்துக்காக எவ்வளவு பெரிய கண்ணாடி என்பது என் காதிலேயே விழுந்தது. நெட்டை, எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சான் என்னைப் பார்த்தான். நடுவில் கண்ணாடி இல்லாமல் அவன் முகத்தை மூன்று மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறேன்.

பர்சென்டுக்கு ஒரு சங்கடம். பார்த்தும் சொல்லாமல் இருந்ததற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கடைசியில் உடைவுக்குக் காரணம் என்ற இடத்தில் அக்காவை அடித்துவிட்டு என்னை எழுதினார். நூற்றைம்பது என் கணக்குக்கு மாறியது. ஒரே கோட்டில் நான் முதலிடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்கு வந்தேன். இவ்வளவு வேகமாக ஒரு மனிதன் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை.

அத்துடன் முடிந்தது என்று எல்லோரும் கிளம்பியபோது வாத்தியார் நகரவில்லை. அடுத்த மூன்று மாதத்திலும் அக்காவுக்கு பூஜ்யம்தானே என்றார். ஆமாம் என்றார் பர்சென்ட். அதற்கடுத்த மூன்று மாதத்திலும்? அதற்கும் ஆமாம். வாத்தியார் பையிலிருந்து புதுச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தார்.

“இதுல கையெழுத்துக்கு நாலு கோடு இருக்கு சார். தூக்குறது அஞ்சு பேர். அஞ்சாவது கோடு வர்ற வரைக்கும் எங்க நாலு பேர் கையெழுத்தும் வராது.”

கையெழுத்து இல்லாத சீட்டுக்கு வாடிக்கையாளரிடமிருந்து காசு வராது. இதை எங்களைவிட முதலாளி நன்றாக அறிவார். படிவத்தை மாற்ற அதை வடிவமைத்த ஆலோசனை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்று பர்சென்ட் சொன்னார். முதலாளி அவரைப் பார்க்காமலே பேனா மூடியைக் கழற்றி முதல் சீட்டில் ஒரு கோடு போட்டார். வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார். முதலாளி அடுத்ததிலும் போட்டார். அந்தப் புத்தகத்தில் நூறு சீட்டு. ஒரு முதலாளி நூறு கோடு போடுவதை நான்கு தொழிலாளிகளும் ஒரு முதன்மை அலுவலரும் கைகட்டி நின்று பார்த்தோம். நாற்பதாவது சீட்டில் கோடு வளைந்திருந்தது. வாத்தியார் அதைத் திரும்பப் போடச் சொன்னார்.

 வெளியே வந்ததும் அக்கா என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்ல முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“நாளைக்கு நீ தூக்காத தம்பி” என்றாள்.

மறுநாள் பல் மருத்துவமனைக்கு மாற்றுக் கண்ணாடி வந்தது. என் மூலைக்குக் கட்டிங் ஷெட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடி தூக்குகிறேன். கண்ணாடி தூக்குவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தூக்குகிறவனுக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிவதெல்லாம் ஒரு விளிம்பும், ஒரு கைப்பிடியும், எதிரில் ஒரு மீனும்தான்.

கண்ணாடி எழுந்தது. அதில் தெருவின் மறுபக்கம் முழுக்க எழுந்து வந்தது: வீடுகள், மின்கம்பம், வானம், நடைபாதையில் நான். நான்கு குருடர்கள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒருவரின் அடிக்கும் இன்னொருவரின் அடிக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் பின்பக்கமாக நடந்தாள். ஏழு படியிலும் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். தன் கால் அவள் கவலை இல்லை. எட்டுக் கால்கள் அவள் கண்ணில் இருந்தன. கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். குரல் உயரவில்லை. “படி” என்றாள். எட்டுக் கால்களும் ஏறின. “நில்” என்றாள். நூற்றெண்பது கிலோ காற்றில் நின்றது. அந்தத் தெருவில் ஒரு பறவை திரும்பிப் பார்த்திருந்தால்கூட அந்தக் கண்ணாடியில் தெரிந்திருக்கும், அவ்வளவு ஆடாமல் நின்றது.

என் பக்கத்தில் ஒருவர் வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். பல் பிடுங்க வந்தவர்; வாசலை அடைத்துக்கொண்டோம் என்று காத்திருக்கிறார். வலியிலும் ஆர்வம் விடவில்லை.

“அந்தம்மா சும்மா பின்னாடி நடக்குறாங்களே, எதுக்கு?” என்று கொழகொழவென்று கேட்டார்.

“அவங்கதாங்க தூக்குறாங்க” என்றேன். “மத்தவங்க நாலு பேரும் புடிச்சிட்டிருக்காங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க யாரு, மேஸ்திரியா?”

“இல்லைங்க. நான் இவங்கள்ல அஞ்சாவது ஆள்.”

சர்க்கரை டப்பாவுக்கு மேலே படம் மாட்டிய அன்றுகூட என் நெஞ்சு அவ்வளவு நிமிரவில்லை. கண்ணாடி சட்டத்தில் உட்கார்ந்தது. கன்னம் வீங்கியவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு இரண்டு தட்டுக் கை தட்டினார். பிறகு வலி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். அக்கா கீழே இறங்கி வந்து சீட்டில் ஐந்தாவது கோட்டில் கையெழுத்துப் போட்டாள். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. கோடு போதவில்லை, கடைசி எழுத்து வெளியே வந்தது.

பிறகு என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள். நாளையிலிருந்து வரலாமா என்று கேட்டேன்.

“என்னைக் கேட்டா? அவனைக் கேளு” என்று மச்சானைக் காட்டினாள்.

மச்சான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். அவனுடைய புதுக் கப்பை வண்டியிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினான். “பாரு மாமா” என்றான்.

பார்த்தேன். ரப்பரின் ஓரத்தை விரலால் சுற்றிச் சுற்றி வந்தேன். புதுக் கப், நேற்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது. அதில் என்ன இருக்கும்? இருந்தாலும் வெயிலில் பிடித்து, மடக்கி, உள்ளே ஊதி, வெளியே துடைத்து, ஐந்து நிமிடம் பார்த்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. “நல்லா இருக்கு” என்று கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு கம்பெனியில் தரவரிசை நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அது இன்றைக்கும் நடக்கிறது. ஐந்து பேரில் ஒருவர் ஐந்தாவதாக வந்தே தீர வேண்டும். அதைப் படிவம் விடாது. ஆனால் தொடர்ந்து இரண்டு தடவை வந்தால்தானே வீட்டுக்கு? நாங்கள் ஐந்தாவது இடத்துக்கு முறை வைத்துக்கொண்டோம். முறைக்காரர் அந்தக் காலாண்டில் சில சீட்டுகளில் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுவார். இது பொய்க்கணக்கு ஆகாதா என்று எனக்கே ஓர் உறுத்தல். அக்காவிடம் கேட்டேன். “செய்யாததைச் செஞ்சேன்னு எழுதினாத்தான் தம்பி பொய். செஞ்சதை எழுதாம விட்டா அதுக்குப் பேரு அடக்கம்” என்றாள். எங்கள் பேட்டையில் இதற்கு முன் அடக்கம் என்ற பொருளை யாரும் பார்த்ததில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருவர் வீதம் பார்க்கிறோம். முறை வந்தவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்குவார். நெட்டை தன் முறை வந்தபோது மாலை எங்கே என்று கேட்டான்.

பர்சென்டுக்கு இதில் கொள்ளை மகிழ்ச்சி. கடைசி இடத்துக்கு வந்த ஒவ்வொருவரும் அடுத்த காலாண்டிலேயே முன்னேறிவிடுகிறார்கள், முன்னேற்றம் நூறு சதவீதம், உடைவு பூஜ்யம் என்று ஓர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையின் பலத்தில் எங்களைவிடப் பெரிய கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. புதுப் பதவிப்பெயருக்கு அங்கே இரட்டைக்கதவு கொடுத்திருக்கிறார்களாம். போகும்போது எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். எங்களை மாற்றியது தன் திட்டம்தான் என்றார். வாத்தியார் ஆமாம் என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

முறைப் பட்டியலை எழுதியதும் வாத்தியார்தான். எழுதும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலில், அந்தக் காலாண்டில் ஏற்கெனவே ஐந்தாவதாகிவிட்ட நான், பிறகு நெட்டை, பிறகு மச்சான், பிறகு வாத்தியார் என்று நான்கு பெயர் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என் பேரு எங்க?”

நீங்கள்தான் ஏற்கெனவே ஒருமுறை ஐந்தாவதாக வந்துவிட்டீர்களே, உங்களுக்கு எதற்கு என்று நாங்கள் நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னோம். எங்களுக்கு அதில் ஒரு பெருந்தன்மை வேறு.

“அது அவங்க என்னைப் போட்டது” என்றாள் அக்கா. “இது நம்ம முறை. நாலு பேரோட நிறுத்த நான் என்ன விருந்தாளியா? எழுது.”

வாத்தியார் பேனாவைத் திறந்தார்.